டமிலம்மாவும் ஒரு வினைச்சொல்லும்

அறைக்குள் நுழைந்ததும் டமிலம்மா நாற்காலியைத் தேடமாட்டார். நிற்பதற்கு ஓர் இடத்தைத் தேடுவார். நோயாளியின் தோளுக்குச் சற்றுப் பின்னால், டாக்டரும் நோயாளியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளும்படியும், தன் முகம் இருவர் கண்ணிலும் படாதபடியும் ஒரு மூலை. அந்த மூலையில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பி நின்றால் அதை இடுப்பால் மெல்ல நகர்த்துவார். உடம்பின் எடையை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றிக்கொள்வார், ஏனென்றால் வலது முழங்கால் எப்போதோ வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டது. பிறகு பார்வையைத் தரையில் போட்டுவிட்டு ஒருமுறை தொண்டையைச் செருமுவார். ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம்.

டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்வதும், நோயாளி தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வதும்தான் அவர் வேலை. அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. ஒலிபெருக்கியில் ‘டமில், ஆறாம் மாடி’ என்று கூப்பிடுவார்கள். அரபி பேசுகிறவர் அங்கே அரபி, சீனம் பேசுகிறவர் சீனம். ‘அரபி இன்றைக்கு லீவு’, ‘சீனம் சாப்பிடப் போயிருக்கிறது’ என்று நர்சுகள் சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். அந்த ‘டமிலை’க் கேட்ட தமிழ்க் குடும்பங்கள் மரியாதைக்கு ஓர் அம்மாவை ஒட்டவைத்துவிட்டன. அவருக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. “ஏய்னு கூப்பிடாம ஒரு மொழிய சொல்லிக் கூப்பிடுறாங்களே, அது வரைக்கும் சந்தோஷம்” என்பார்.

இந்த வேலையில் ஒரு விசித்திரமான சட்டம் உண்டு. ‘டாக்டர் சொல்கிறார்’, ‘நோயாளி கேட்கிறார்’ என்றெல்லாம் சொல்லக் கூடாது. யார் பேசுகிறாரோ அவராகவே ஆகி, ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். அறையில் பேசப்படும் எதையும் விடக் கூடாது, எதையும் சேர்க்கவும் கூடாது. ஒருமுறை கூச்ச சுபாவமுள்ள ஒரு பெரியவர் தம் மலச்சிக்கலைப் பற்றி வாய்க்குள்ளேயே முனகினார். டமிலம்மா அதைத் தெள்ளத் தெளிவான ஆங்கிலத்தில், “எனக்கு நாலு நாளாகப் போகவில்லை” என்று சொல்ல, புதிதாக வந்திருந்த நர்ஸ் மாத்திரையை டமிலம்மாவின் கையிலேயே கொடுத்துத் தண்ணீரும் ஊற்றி நீட்டிவிட்டாள். பெரியவர் வயிற்று வலியை மறந்து சிரித்தார். மாத்திரை இல்லாமலேயே அன்று சாயங்காலம் அவருக்குச் சரியாகிவிட்டது என்று கேள்வி.

வீட்டில் வீட்டுக்காரர், பஸ் டிப்போவில் டயர் பார்க்கிறவர். டமிலம்மா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, “எனக்கு முடியலங்க” என்று சோபாவில் விழுந்தால், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, “உனக்கா, உன் பேஷன்டுக்கா?” என்பார். ஆரம்பத்தில் இரண்டு பேரும் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். இப்போது அவர் கேட்பார், இவர் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பார்.

இன்னொரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அவர் வேறு வேலை தேடிக்கொண்டு போனபின் அந்த இடத்துக்கு ஆளே போடவில்லை. அதனால் குழந்தைகள் பிரிவு, எலும்பு, இருதயம், பல் எல்லாமே இவர் தலையில். “பேசுறதுதானே வேல? அதுல என்ன களைப்பு?” என்று நாத்தனார் ஒருநாள் கேட்டாள். டமிலம்மா கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். “நம்ம பேச்ச பேசினா களைப்பே வராது. அடுத்தவங்க பேச்ச நாள் பூரா பேசிப் பாரு.” நாத்தனாருக்கு அது புரியவில்லை. மற்றவர்கள் பேச்சை வைத்துத்தான் அவள் பொழுதே போகிறது.

வார்த்தைகளிடம் அவர் நிறைய அடி வாங்கியிருக்கிறார். ‘ரிசல்ட் பாசிட்டிவ்’ என்றதும் குடும்பமே சந்தோஷப்பட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்ட காட்சியை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்தாகிவிட்டது. அதனால் அந்தச் சொல்லையே அவர் தொடுவதில்லை. “அந்தக் கிருமி இருக்கு” என்று சொல்லிவிடுவார். மூர்க்கமான ஒரு மனிதரிடம், டாக்டர் சொன்னபடியே, “உங்கள நாங்க நல்லா கவனிச்சுக்கறோம்” என்று சொல்லப்போக, யாரோ அடிக்க ஆள் அனுப்புகிறார்கள் என்று அந்த மனிதர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எல்லாவற்றையும்விட ஆங்கில வினைச்சொற்கள்தான் அவருக்குச் சனியன். நல்ல செய்தி என்றால் டாக்டர்கள் பளிச்சென்று சொல்லிவிடுவார்கள். கெட்ட செய்தி என்றால், யாருக்கும் வலிக்காத ஒரு வினைச்சொல்லைத் தேடிப் பிடித்து அதன் பின்னால் போய் நின்றுகொள்வார்கள். அதைத் தமிழில் இழுத்து வெளியே விட வேண்டியது இவர் பொறுப்பு.

அப்படி ஒரு வினைச்சொல்லிடம் ஒரு வியாழக்கிழமை மதியம் மாட்டிக்கொண்டார்.

ஆறாம் மாடியில் இருந்தவர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். எந்தப் பூட்டையும் திறந்துவிடுவார், பக்கத்து மெஷினில் அவர் மனைவி சாவி வெட்டுவார். கல்யாணமான நாள் முதல் ஒரே கடை, ஒரே பெஞ்சு. இப்போது பூட்டுக்காரர் மஞ்சள் பூத்துப்போய்க் கிடந்தார். கணையத்தில் கட்டி, அது ஈரலுக்கும் போய்விட்டது. சாவிக்காரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரே மகன் சரக்குக் கப்பலில், இன்ஜின் அறையில் வேலை. இரண்டு நாளுக்கு ஒருமுறை போன் பண்ணி, “அம்மா, நான் எறங்கி வரட்டா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அம்மா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

டாக்டர் இளம்பெண், அந்த மாடிக்குப் புதியவர். நல்ல மனசு என்பது பார்த்தாலே தெரிந்தது. நல்ல மனசுக்காரர்கள் கெட்ட செய்தி சொல்லும்போது குரல் இறங்கிவிடும், வாக்கியமும் குட்டையாகிவிடும். அவர் போர்வையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “கட்டியைச் சுருக்கும் முயற்சியை நிறுத்திவிட்டோம். இனி நாங்கள் பேலியேட் செய்ய விரும்புகிறோம்.”

பேலியேட். டமிலம்மா அந்தச் சொல்லை அப்படித் தனியாக, மொட்டையாகக் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. வழக்கமாக டாக்டர்கள் சுற்றி வளைத்து, ‘அவரைச் சௌகரியமாக வைத்துக்கொள்வோம்’ என்பார்கள். அதற்கு அவரிடம் தயாராக ஒரு தமிழ் உண்டு: “வலியில்லாம பாத்துக்கறோம்.” இந்த வினைச்சொல் வேறு மாதிரி. நோயைத் தொடாமல் நோவை மட்டும் தொடுவது. கட்டி இருக்கும், அது தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும்; ஆனால் வலி குறையும், வாந்தி நிற்கும், மனிதர் கொஞ்சம் தூங்குவார். இத்தனையையும் ஆங்கிலக்காரன் ஒரே சொல்லில் மடித்து வைத்திருக்கிறான்.

யோசிக்க நேரம் கிடையாது. டாக்டர் வாய் மூடியதும் இவர் வாய் திறந்தாக வேண்டும். ‘தணிக்கிறது’ என்று சொல்லலாம். முன்பு ஒரு குடும்பம் அதைத் தணிக்கை என்று கேட்டு, ஆஸ்பத்திரியில் கணக்குப் பார்க்க ஆபீசர்கள் வருகிறார்களா என்று விசாரித்தது. ‘மட்டுப்படுத்துறது’ என்றால் நியூஸ் வாசிக்கிறமாதிரி இருக்கும். அப்போது தானாக வந்து நாக்கில் உட்கார்ந்தது அந்தத் தமிழ்ச்சொல். பாலை ஆற்றுகிறோம், பசியாறுகிறோம், அழுகிற பிள்ளையின் மனசை ஆற்றுகிறோம். எவ்வளவு இதமான சொல்! நாலு அறை தாண்டி வந்த களைப்பிலும் அவருக்கு உள்ளே ஒரு சின்னப் பெருமை ஏற்பட்டது.

“கட்டிய சுருக்கறதுக்குப் பாத்ததை நிறுத்திட்டோம். இனிமே ஆத்தறதுக்குப் பாக்கறோம்” என்றார்.

எதை ஆற்றுவது என்று டாக்டர் சொல்லவில்லை. சொல்லாததைச் சேர்க்கக் கூடாது என்பது சட்டம். டமிலம்மாவும் சேர்க்கவில்லை.

சாவிக்காரம்மா பாதத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “ஆத்திடலாமா? நெசமாவே ஆத்திடலாமா?”

டமிலம்மா அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது டாக்டரின் சொல்லையே எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்: “பேலியேட் செய்துவிட முடியுமா? உண்மையாகவே முடியுமா?”

டாக்டரின் முகம் மலர்ந்தது. அந்த அறையில் அவர் தயங்காமல் சொல்லக்கூடிய ஒரே பதில் அதுதான். “நிச்சயமாக. அதை எங்களால் நன்றாகச் செய்ய முடியும். வாக்குத் தருகிறேன்.”

“நிச்சயமா. அத எங்களால நல்லா செய்ய முடியும். நான் வாக்குக் குடுக்கறேன்.”

சாவிக்காரம்மா எழுந்து வந்து டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டாக்டரின் கண்ணும் கலங்கியது. பூட்டுக்காரர் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் டாக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “இப்படி ஏற்றுக்கொள்கிற குடும்பத்தை நான் பார்த்ததே இல்லை. மூன்று வாரம் தாண்டுவது கஷ்டம். அதையும் சொல்லிவிடத்தான் இருந்தேன், ஆனால் அந்த அம்மாள் கேட்கவே இல்லை. எவ்வளவு தைரியம்!” டமிலம்மாவுக்கு ஏதோ உறுத்தியது. கண் கலங்கியது சரி, ஆனால் அந்த அம்மாள் முகத்தில் கடைசியாகப் பார்த்தது சிரிப்பல்லவா? அதைப் பிடித்து நிறுத்தி யோசிப்பதற்குள் ஒலிபெருக்கி கூப்பிட்டது. மூன்றாம் மாடியில் ஒரு குழந்தை மூக்கில் பட்டாணியைப் போட்டுக்கொண்டு, யார் பேச்சையும் கேட்காமல் வீறிட்டுக்கொண்டிருந்தது. போனார்.

மறுநாள் மதியம், டீ மெஷின் முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து யாரோ தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். சாவிக்காரம்மா. தலை வாரியிருந்தார், புதுச் சேலை கட்டியிருந்தார்.

“டமிலம்மா, உங்க வாய்க்கு சர்க்கரைதான் போடணும்! நேத்து நீங்க ஆத்திடலாம்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் எனக்கு உசிரே வந்துச்சு. ராத்திரி அடிச்சுப் போட்டமாதிரி தூங்கினேன்.”

டமிலம்மாவின் கையிலிருந்த காகிதக் கோப்பை பாதி வழியில் நின்றது.

“காலையில பையன் போன் பண்ணான். கப்பல் அங்க ஏதோ ஒரு துறைமுகத்துல நிக்குதாம். எறங்கறதுன்னா இப்பவே எறங்கிடணும், சாயங்காலம் கெளம்பிட்டா ஒன்றரை மாசத்துக்குக் கரையே கெடையாதுன்னான். நான் சொல்லிட்டேன், வேணாம்பா, அப்பாக்கு ஆறிடுமாம், டாக்டரே வாக்குக் குடுத்துட்டாங்க, நீ இருந்து முடிச்சுட்டு நிதானமா வான்னு. பாவம், அவனும் அழுதுட்டான், சந்தோஷத்துல.”

ஆறிடுமாம்.

பால் ஆறும், பசி ஆறும், மனசும் ஆறும். புண்ணும் ஆறும். புண் ஆறினால் குணமாகிவிட்டது என்று அர்த்தம். தமிழில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த இந்த விஷயம், நேற்று அந்த ஒரு நொடியில் அவருக்குத் தெரியவில்லை. அந்த இதமான சொல் ஒரே மூச்சில் நோவையும் ஆற்றிவிட்டது, நோயையும் ஆற்றிவிட்டது. அதைவிட மோசம், அந்த அம்மாள் ‘குணமாக்கிடலாமா’ என்று கேட்டதை இவர் ‘நோவைக் குறைக்க முடியுமா’ என்று டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அதற்கு ஒரு வாக்கையும் வாங்கிவந்து தந்திருக்கிறார்.

“அம்மா...” என்றார். “அவங்க சொன்னது...”

“சொல்லுங்க?”

டாக்டர் இல்லாமல் நோயாளியின் வீட்டாரிடம் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. அதுவும் சட்டம். ஆனால் அவரைத் தடுத்தது சட்டம் மட்டும் இல்லை. வாரிய தலையும் புதுச் சேலையுமாக நின்ற அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை. அதுதான் உண்மை.

“டாக்டர் திரும்ப ஒரு தடவை வந்து பேசுவாங்க. எங்கயும் போயிடாதீங்க. போன கையிலயே வச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு நடந்தார். முழங்கால் ஒத்துழைக்காததால் அது நடையாக இல்லை, இழுபறியாக இருந்தது.

மேலதிகாரிக்குப் போன் பண்ணினார். மேலதிகாரி தமிழ் அறியாதவர், மொழிகள் எல்லாவற்றையும் மேய்ப்பவர். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அடுத்த குடும்பச் சந்திப்பு திங்கட்கிழமை இருக்கிறதே, அப்போது தெளிவுபடுத்திவிடுங்கள். இப்போதே பிழை என்று பதிவானால் விசாரணை முடிகிற வரை உங்களை அறைகளுக்கு அனுப்ப முடியாது. தமிழுக்கு வேறு ஆளும் இல்லை. யாரும் புகார் சொல்லவில்லையே?”

“இல்லை” என்றார் டமிலம்மா. புகார் எப்படி வரும்? வாய்க்குச் சர்க்கரை போடத்தானே வந்தார்கள்.

டாக்டர் கீழே வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே பெஞ்சில் டமிலம்மா உட்கார்ந்தார். அந்த ஆஸ்பத்திரியில் அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. போனில் அகராதியைத் திறந்து அந்த வினைச்சொல்லைத் தட்டினார். முதல் பொருள் அவருக்குத் தெரிந்ததுதான்: நோயைக் குணப்படுத்தாமல் வேதனையைத் தணி. கீழே இரண்டாவது பொருள் ஒன்று இருந்தது: குற்றத்தைக் குறைத்துக் காட்டு, பூசி மெழுகு. அவர் அதை இரண்டு தடவை படித்தார். திங்கட்கிழமை வரை பூசி மெழுகுவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

எழுந்துகொள்ள ஆசையே இல்லை. இத்தனை வருஷத்தில் யார் யாருடைய பேச்சையோ சுமந்துவிட்டு, இப்போது தன் பேச்சு ஒன்றைச் சுமந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது. அது மற்ற எல்லாவற்றையும்விடக் கனத்தது. சாயங்காலம் வரை இங்கேயே இப்படியே இருந்துவிட்டால் கப்பல் தானாகக் கிளம்பிவிடும், அப்புறம் யாரும் எதுவும் செய்வதற்கில்லை என்றுகூட ஒரு நினைப்பு வந்து போனது. அந்த நினைப்புக்குப் பயந்துதான் எழுந்தார். உள்ளே போன நோயாளி வெளியே வருவதற்கும் அடுத்தவர் எழுவதற்கும் இடையில் புகுந்துவிட்டார். “க்யூல வாங்கம்மா!” என்று ஒரு தமிழ்க் குரலும் கேட்டது.

டாக்டருக்கு முதலில் விளங்கவில்லை. “பேலியேட் என்றுதானே சொன்னேன்? தெளிவான சொல்லாயிற்றே. உங்கள் மொழியில் அதற்குச் சொல் இல்லையா?”

“இருக்கிறது. அதுதான் பிரச்சினை” என்றார் டமிலம்மா.

விவரமாகக் கேட்ட பிறகு டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். “என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாரே...” என்றார். டமிலம்மாவோடு லிஃப்டுக்கு வந்தார். வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

ஆறாம் மாடியில் சாவிக்காரம்மா கணவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்டரைப் பார்த்ததும், “வாங்க வாங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டமிலம்மா தன் மூலைக்குப் போகவில்லை, கட்டிலுக்கு எதிரே வந்து நின்றார். மொழிபெயர்ப்பவர் தன் சார்பில் ஒன்று சொல்ல வேண்டி வந்தால், ‘நான்’ என்று சொல்லக் கூடாது, தன்னையே மூன்றாம் மனுஷியாக்கித்தான் சொல்ல வேண்டும். சொன்னார்.

“மொழிபெயர்ப்பாளர் ஒரு திருத்தம் சொல்லணும். நேத்து சொன்னதுல ஒரு தப்பு நடந்துடுச்சு.”

சாவிக்காரம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். “யாரு அது? வரச் சொல்லுங்களேன்.”

“நான்தாம்மா” என்றார் டமிலம்மா. “நேத்து ஆத்தறதுன்னு சொன்னேன் பாருங்க, அது தப்பு. டாக்டர் வலிய மட்டும்தான் சொன்னாங்க. வலியக் கொறைக்கறது, வாந்திய நிறுத்தறது, அவர் நிம்மதியா இருக்கறமாதிரி பாத்துக்கறது. அவ்வளவுதான். அந்த நோய் ஆறாதும்மா.”

டாக்டர் பேசினார். இந்தத் தடவை போர்வையைப் பார்க்கவில்லை. டமிலம்மா அதை ஒரு சொல் விடாமல் சொன்னார். மருந்து இனிக் கட்டியை ஒன்றும் செய்யாது. நாள் அதிகம் இல்லை. வாரக் கணக்குத்தான்.

கையில் இருந்த ஈரத்துணியைச் சாவிக்காரம்மா மடித்தார். இன்னும் சின்னதாக மடித்தார். மேற்கொண்டு மடிக்க முடியாமல் போனதும் டமிலம்மாவைப் பார்த்தார்.

“உங்க வாயாலதானே சொன்னீங்க?”

“ஆமாம்மா.”

“நான் திரும்ப ஒருக்காக் கேட்டேனே. நெசமான்னு கேட்டேனே. வாக்குன்னு சொன்னீங்களே.”

“ஆமாம்மா. சொன்னேன்.”

டாக்டர் திரும்பிப் பார்த்தார். டமிலம்மா ஆங்கிலத்தில், “உங்கள் வாயால்தானே சொன்னீர்கள், உண்மையா என்று திரும்பக் கேட்டேனே, வாக்கு என்றீர்களே என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்கிறேன். மொழிபெயர்ப்பாளர் ஆமாம் என்று சொன்னார்” என்றார். குரல் தட்டையாகத்தான் இருந்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்த கையை மட்டும் எடுக்கவில்லை.

“அவங்கள ஏன் போட்டு உலுக்கறே” என்றார் பூட்டுக்காரர். நேற்றிலிருந்து அந்த அறையில் அவர் பேசிய முதல் பேச்சு அது. “எனக்கு நேத்தே தெரியும்.”

“என்ன தெரியும்?”

“அவங்க சொன்னது வலியத்தான்னு தெரியும். கட்டிய சுருக்கறத நிறுத்திட்டு அப்புறம் எதடி ஆத்துவாங்க?”

சாவிக்காரம்மாவுக்குக் கோபம் சுற்றி வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. “தெரிஞ்சுகிட்டா வாய மூடிட்டுக் கெடந்தீங்க? ஏன், சொன்னா என்ன?”

“மூணு மாசமா நீ கண்ண மூடல. நேத்துதான் தூங்கின. கொறட்ட வேற. பக்கத்துப் படுக்கைக்காரர் எழுப்பச் சொன்னார்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “எனக்கு எழுப்ப மனசு வரல.”

டமிலம்மா இதையும் ஆங்கிலத்தில் சொன்னார். குறட்டைவரை சொன்னார். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அது சரி” என்றார் சாவிக்காரம்மா. குரல் உடைந்துவிட்டது. “காலையில அவன் வரேன்னு சொன்னப்ப நான் வேணாம்னேனே. உங்க பக்கத்துல உக்காந்துதானே சொன்னேன். அப்பவும் சும்மா இருந்தீங்களே? உங்களுக்கு அவனப் பாக்க வேணாமா?”

எத்தனையோ வீடுகளின் கதவைத் திறந்துவிட்ட பூட்டுக்காரரின் கை போர்வைக்கு வெளியே வந்து, உள்ளங்கை மேலே பார்க்க விரிந்தது.

“போனக் குடு.”

அந்த அம்மாள் எண்ணைத் தட்டிக் கொடுத்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. இன்ஜின் அறையில் இருந்தால் கேட்காது என்று அவரே சொல்லிக்கொண்டு மறுபடி தட்டினார். ஜன்னலில் வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அறையில் இருந்த மூன்று பெண்களும் அந்த மணிச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். எடுத்துவிடு, தம்பி, எடுத்துவிடு என்று டமிலம்மா மனசுக்குள் கெஞ்சினார். மூன்றாம் தடவை அந்தப் பக்கம் ஓர் இரைச்சல் கேட்டது, இரைச்சலுக்கு நடுவே, “அம்மா?” என்று ஒரு குரல்.

“அப்பாடா” என்றார் பூட்டுக்காரர். தான்தான் பேசுவது என்று சொல்ல வந்தார். அது நிம்மதிப் பெருமூச்சாகவும் ஆகிவிட்டது. அந்தப் பக்கம் மகன் ஏதோ வேகமாகக் கேட்டான். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஆறாதாம்டா” என்றார். “எறங்கிடு.”

பிறகு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அழுதார். சாவிக்காரம்மா கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவர் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டார். டாக்டர் டமிலம்மாவின் பக்கம் குனிந்து, “என்ன சொன்னார்?” என்று மெல்லக் கேட்டார்.

டமிலம்மா வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்து அறைக்கு வெளியே கூட்டி வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.